பழைய எம்பிஎஃப்ஐ காரில் ஐடிலிங் ஏறி இறங்குகிறதா? பாகம் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

சிக்னலில் நிற்கிறீர்கள். கியர் நியூட்ரலில், கால் பிரேக்கில். ஆக்சிலரேட்டரை யாரும் மிதிக்கவில்லை. ஆனாலும் என்ஜின் தானாக ஏறுகிறது, பொத்தென்று விழுகிறது, மறுபடி ஏறுகிறது. நாம் ரேஸுக்குக் கூப்பிடுகிறோமோ என்று பக்கத்தில் நிற்கும் பைக்காரர் திரும்பிப் பார்க்கிறார். இந்த அவஸ்தையை நான் சென்னைப் போக்குவரத்தில் நான்கு மாதம் பட்டேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2004 மாடல் சின்ன பெட்ரோல் கார். இரண்டு மெக்கானிக்கிடம் பணத்தை விட்டு, மூன்றாமவரிடம் போன பிறகுதான் விஷயம் புரிந்தது. மொத்தம் 10,200 ரூபாய் ஆனது. உண்மையான கோளாறுகளில் முதலாவது, 70 ரூபாய் ரப்பர் ஓஸ்.

மாருதி 800, ஆல்டோ, ஜென், சான்ட்ரோ என்று 2000-களில் ஓடிய எந்த எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும்) கார் ஆனாலும் கீழே உள்ள வரிசை பெரும்பாலும் பொருந்தும். ஆக்சிலரேட்டர் கேபிள் இல்லாத, எலெக்ட்ரானிக் த்ராட்டில் (என்ஜினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் தகடு) வைத்த புதிய கார்களுக்கு இது வேண்டாம்.

1. என்ன செய்கிறது என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

"ஐடிலிங் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் மெக்கானிக் தனக்குத் தெரிந்த வேலையை ஆரம்பிப்பார். அதனால் இரண்டு நாள் கவனித்துக் குறித்து வையுங்கள். காலையில் எப்படி, சூடான பிறகு எப்படி, ஏசி போட்டால் என்ன ஆகிறது, பிரேக்கை மிதித்தால் மாறுகிறதா, ஹெட்லைட் போட்டால் விழுகிறதா.

எது கோளாறு இல்லை என்பதும் தெரிய வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 1200 முதல் 1500 ஆர்பிஎம் வரை ஓடி, சில நிமிடத்தில் 750-900-க்கு இறங்கினால் அது சரியான நடத்தை. ஏசி கம்ப்ரசர் 'டக்' என்று சேரும்போது ஒரு சின்னக் குலுக்கல், பிறகு கொஞ்சம் கூடுதல் ஆர்பிஎம், அதுவும் சரி. ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கும்போது நொடி நேரம் தொய்வதும் சரிதான்.

கோளாறு என்றால் அதற்கும் ஜாதகம் உண்டு. மூச்சு விடுவது போல ஒரே தாளத்தில் 1000-க்கும் 1800-க்கும் இடையே ஏறி இறங்கினால், எங்கோ கணக்கில் இல்லாத காற்று உள்ளே போகிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். ஆக்சிலரேட்டர் மூடியிருக்கும்போது ஆர்பிஎம் அதிகமாக இருந்தால், வண்டி இறக்கத்தில் உருள்கிறது என்று இசியு, அதாவது என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், நினைத்துப் பெட்ரோலை நிறுத்தும். ஆர்பிஎம் விழும். விழுந்ததும் மறுபடி பெட்ரோல் கொடுக்கும். காற்று அப்படியே இருப்பதால் மறுபடி ஏறும். அந்தத் தாளம் இப்படித்தான் பிறக்கிறது.

எப்போதும் உயரமாகவே நின்றால் ஆக்சிலரேட்டர் கேபிள், த்ராட்டில் ஸ்க்ரூ, காற்றுக் கசிவு, அல்லது என்ஜின் சூடாகவே இல்லை என்று இசியு நம்புவது. ஏசி போட்டால், அல்லது வேகத்திலிருந்து வந்து நின்றால் ஆஃப் ஆகிறது என்றால் அழுக்கடைந்த த்ராட்டில் பாடி, அதாவது அந்தத் தகடு உட்கார்ந்திருக்கும் குழாய். தாளமே இல்லாமல் உதறினால் அது மிஸ்ஸிங், ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. ப்ளக், வயர், காயில், இன்ஜெக்டர் பக்கம் போங்கள். பிரேக் மிதித்தால் மட்டும் மாறினால் பிரேக் பூஸ்டரோ (என்ஜின் உறிஞ்சும் இழுப்பை வைத்துப் பிரேக்கை லேசாக்கும் டப்பா) அதற்குப் போகும் ஓஸோ. இதைத் தள்ளிப்போடக் கூடாது, பிரேக் விஷயம்.

2. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

ஆர்சி புத்தகத்தின் நகல். அதிலுள்ள சேசிஸ் நம்பர் இல்லாமல் சென்சார் வாங்கப் போகாதீர்கள். ஒரே பெயர் கொண்ட காரில் இரண்டு வருட இடைவெளியில் வேறு ஐடில் மோட்டார் (ஐடிலிங் காற்றைக் கூட்டிக் குறைப்பது), வேறு சாக்கெட் வந்திருக்கும்.

பழைய சர்வீஸ் பில்கள். முந்தைய உரிமையாளரிடம் கேட்டு வாங்குங்கள். என் காரின் பில் ஒன்றில் "தெர்மோஸ்டாட் ரிமூவ்டு" என்று ஒரு வரி இருந்தது (தெர்மோஸ்டாட், என்ஜின் சூடாகும் வரை கூலன்டை ரேடியேட்டருக்குப் போகவிடாத வால்வு). அதை முதல் நாளே படித்திருந்தால் ஒரு மாதம் மிச்சம். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

பியுசி (புகைப் பரிசோதனை) சான்றிதழ். இதை எல்லாரும் போலீஸுக்குக் காட்டும் சீட்டு என்று மட்டும் நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். ஐடிலிங்கில் வரும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் அதில் எண்ணாகவே இருக்கும். பாரத் ஸ்டேஜ் 2, 3 பெட்ரோல் கார்களுக்கு வரம்பு 0.5 சதவீதம், 750 பிபிஎம். கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. அது குறைவாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறியிருந்தால் மிஸ்ஸிங், அல்லது காற்று அதிகம். குழாயை உண்மையாகவே சைலன்சருக்குள் விட்டு எடுக்கும் இடத்தில் எடுங்கள். வண்டியைப் பார்க்காமலே சீட்டு தரும் இடத்து எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

ஆர்சி காலாவதி ஆகும் நாள் நெருங்கினால் இன்னொரு காரணமும் உண்டு. படிவம் 25 கொடுத்துப் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது வண்டியை ஆர்டிஓ ஆய்வுக்குக் காட்ட வேண்டும். அங்கே போய் ஐடிலிங் துள்ளினால் அலைச்சல்தான். குறைந்தது ஒரு மாதம் முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

3. காசு செலவில்லாத அரை மணி நேரம்

காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது பானட்டைத் திறங்கள். வாசல் திறந்த இடமாக இருக்கட்டும். மூடிய கார் ஷெட்டில் என்ஜினை ஓடவிட்டுப் பார்க்கவே கூடாது, புகை உயிரை எடுக்கும். லுங்கி, துப்பட்டா, தொங்கும் ஐடி கார்டு எதுவும் வேண்டாம். ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுழலும்.

கூலன்ட் அளவைப் பாருங்கள். டப்பாவில் மட்டுமல்ல, என்ஜின் நன்றாக ஆறியிருந்தால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து அங்கேயும். சில கார்களில் குளிர்நேர ஐடிலிங்கை நடத்தும் வால்வு கூலன்ட் சூட்டில்தான் வேலை செய்கிறது. தண்ணீர் குறைந்தாலோ உள்ளே காற்று அடைத்தாலோ ஐடிலிங் ஏறி இறங்கும். ஒரு லிட்டர் கூலன்ட் ஊற்றிச் சரியான கார்களும் உண்டு.

ஆக்சிலரேட்டர் கேபிளை த்ராட்டில் பக்கத்தில் விரலால் அழுத்துங்கள். சில மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். கம்பி போல விறைத்திருந்தால் த்ராட்டில் முழுக்க மூடவே மூடாது. கூடவே காலடி மேட் பெடலில் சிக்குகிறதா என்றும் பாருங்கள். சிரிக்க வேண்டாம், நடக்கிறது.

பேட்டரி முனைகளில் பச்சைப் பூ பூத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் போதும். நின்றிருக்கும்போது 12.6 வோல்ட் அளவிலும், ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரையிலும் காட்ட வேண்டும். என்ஜினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் வயரின் போல்ட்டையும் ஒருமுறை கழற்றித் தேய்த்து மாட்டுங்கள்.

4. காற்றுக் கசிவைத் தேடுவது

இங்கேதான் பொறுமை வேண்டும். பெரும்பாலானோர் இதை ஐந்து நிமிடத்தில் தாண்டிவிட்டு ஐடில் மோட்டார் வாங்கப் போகிறார்கள். நானும் போனேன்.

உங்கள் காரில் இருப்பது உள்ளே இருக்கும் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரா, போகும் காற்றையே அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியை ஒட்டிய குழாயில் சாக்கெட்டோடு ஒரு சென்சார், அதன் வழியாகவே எல்லாக் காற்றும் போகிறது என்றால் ஏர்ஃப்ளோ. இன்டேக் மேனிஃபோல்டின் (த்ராட்டிலைத் தாண்டிய காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து விடும் குழாய்) மேலோ, அதிலிருந்து சின்னக் குழாய் ஒன்று போய்ச் சேரும் இடத்திலோ இருந்தால் மேப். நம்முடைய சின்ன கார்கள் பலவும் மேப் வகை. இதில் கசிவு இருந்தால் இசியு அந்தக் காற்றையும் அழுத்தமாக அளந்து அதற்கேற்பப் பெட்ரோலும் கொடுத்துவிடும். அதனால் ஆர்பிஎம் ஏறும். ஏர்ஃப்ளோ வகையில் திருட்டுக் காற்று அளவுக்குள் வராது. பெட்ரோல் போதாமல் என்ஜின் உதறும், ஆஃப் ஆகும். ஒரே கோளாறு, இரண்டு முகம்.

மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு ஓஸையும் கையால் தொடர்ந்து போங்கள். பிரேக் பூஸ்டருக்கு ஒன்று, என்ஜின் அடிப்பக்கப் புகையை மறுபடி உள்ளே விடும் பிசிவி வால்வுக்கு ஒன்று, மேப் சென்சாருக்கு ஒன்று, பெட்ரோல் டாங்க் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப்பெட்டியின் பர்ஜ் வால்வுக்கு ஒன்று. கண்ணால் பார்த்தால் போதாது, வளைத்துப் பாருங்கள். என் காரில் பிசிவி ஓஸ் மேலே பார்க்கப் புதிதுபோலக் கறுப்பாக மினுங்கியது. அடிப்பக்கம், முழங்கை போல வளையும் இடத்தில், ஆயிலில் ஊறி ரப்பர் அல்வாவாகியிருந்தது. விரலால் லேசாக மடக்கியதும் நகம் நுழையும் அளவுக்கு வாய் பிளந்தது; விட்டதும் மூடிக்கொண்டது. மூன்று பேர் அதன் மேல் கண்ணை ஓட்டியிருக்கிறார்கள், யாரும் கையை விடவில்லை.

அடுத்து, என்ஜினை ஓடவிட்டு, துணி சுற்றிய ப்ளையரால் ஒவ்வொரு ஓஸையும் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் இறுக்கிப் பாருங்கள். எதை இறுக்கும்போது ஆர்பிஎம் கணிசமாகக் குறைந்து அமைதியாகிறதோ, கசிவு அந்த வழியில்தான். பிசிவி ஓஸை இறுக்கினால் நல்ல காரிலும் கொஞ்சம் இறங்கும். அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

மேனிஃபோல்ட் பேக்கிங்கில் சந்தேகம் என்றால், செடிக்குத் தெளிக்கும் பாட்டிலில் தண்ணீர் எடுத்து இணைப்பு ஓரமாக மெல்லிய தூவலாக அடியுங்கள். ப்ளக் வயர், காயில், சாக்கெட் பக்கம் வேண்டாம். தண்ணீர் பட்டதும் சத்தம் மாறினால் அங்கே இழுக்கிறது. கார்புரேட்டர் ஸ்ப்ரே அடித்துப் பார்க்கும் பழக்கம் பல மெக்கானிக்குகளுக்கு உண்டு. சூடான சைலன்சர் மேல் பட்டால் தீப்பிடிக்கும். ஊதுபத்திப் புகையை வைத்துத் தேடும் யோசனையும் உலவுகிறது. பெட்ரோல் ஓடும் இடத்தில் ஊதுபத்தியா? வேண்டாம் சாமி.

மேப் வகைக் காரில் இன்னொரு நல்ல சோதனை. ஏர் ஃபில்டர் குழாயை த்ராட்டில் பாடியிலிருந்து கழற்றுங்கள். த்ராட்டில் தகட்டுக்கு முன்னால் ஐடிலிங் காற்றுக்கான சிறு துளை தெரியும். என்ஜின் ஓடும்போது அதை விரலால் மூடுங்கள். என்ஜின் திணறி நிற்கப் பார்த்தால், காற்று ஐடில் மோட்டார் வழியாகத்தான் போகிறது. மோட்டாரையோ அதற்கு உத்தரவு போடும் சென்சாரையோ பாருங்கள். மூடியும் ஆர்பிஎம் அப்படியே உயரமாக நின்றால் மோட்டார் மேல் பழி போடாதீர்கள். காற்று வேறு வழியில் வருகிறது. நான் 3,800 ரூபாய்க்கு மோட்டார் வாங்கும் முன் எனக்கு யாரும் சொல்லித்தராத சோதனை இது.

5. த்ராட்டில் பாடியும் ஐடில் மோட்டாரும் சுத்தம் செய்தல்

கசிவு இல்லை என்று உறுதியான பிறகே இது. இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். த்ராட்டில் பாடி க்ளீனர் ஒரு கேன், பழைய டூத் பிரஷ், நூல் விடாத துணி, புதிய பேக்கிங். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஒவ்வொரு சாக்கெட்டையும் கழற்றும் முன் போனில் போட்டோ.

தகட்டின் விளிம்பிலும் அது உட்காரும் சுவரிலும் கறுப்பாக மை பூசியது போல் கரி இருக்கும். க்ளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். உப்புத்தாளால் சுரண்டாதீர்கள், அங்கே போன உலோகம் திரும்ப வராது. த்ராட்டில் பொசிஷன் சென்சாரை நனைக்காதீர்கள், அதன் ஸ்க்ரூவை அசைக்காதீர்கள்.

ஐடில் மோட்டாரைக் கழற்றினால் நுனியில் கூம்பு போல ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கையால் இழுக்கவோ அமுக்கவோ கூடாது, 12 வோல்ட் நேராகக் கொடுத்துப் பார்க்கவும் கூடாது. முனையை மட்டும் கீழ்நோக்கிப் பிடித்துச் சுத்தம் செய்யுங்கள், க்ளீனர் மோட்டாருக்குள் இறங்கக் கூடாது. சில கார்களில் த்ராட்டில் பாடிக்கு அடியில் கூலன்ட் ஓஸ் வரும், சூடாக இருக்கும்போது அதைக் கழற்றினால் கை வெந்துவிடும்.

மாட்டிய பிறகு ஐடிலிங் முன்பைவிட மோசமாக இருந்தால் பயப்படாதீர்கள். அழுக்கோடு பழகிய இசியு இப்போது மறுபடி கற்க வேண்டும். ஏசி, லைட் எல்லாம் ஆஃப். ஸ்டார்ட் செய்து, ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும் வரை ஆக்சிலரேட்டரைத் தொடாமல் விடுங்கள். பிறகு ஏசி போட்டு ஐந்து நிமிடம். அப்புறம் ஒரு இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் தீர்ப்பு சொல்லுங்கள். சில மாடல்களுக்குத் தனி முறை உண்டு, சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

6. அந்த ஸ்க்ரூவைத் தொட விடாதீர்கள்

"சார், இது செட்டிங்தான், அஞ்சு நிமிஷம்" என்று யாராவது ஸ்க்ரூ டிரைவரோடு வந்தால் பானட்டை மூடுங்கள். கார்புரேட்டர் காலத்தில் அது சரி. எம்பிஎஃப்ஐ காரில் த்ராட்டில் தகடு நிற்கும் ஸ்க்ரூவை கம்பெனியிலேயே வைத்து பெயின்ட் புள்ளி போட்டிருப்பார்கள். அதைத் திருப்பினால் தகடு சற்றே திறந்து நிற்கும். ஆக்சிலரேட்டரை மிதித்திருக்கிறார்கள் என்று சென்சார் சொல்லும். இசியுவும் ஐடிலிங்கை நடத்துவதையே விட்டுவிடும். முதல் மெக்கானிக் 200 ரூபாய்க்கு எனக்குச் செய்தது இதுதான். ஓஸ் மாற்றிய பிறகும் என் கார் 1300-இல் நின்றதற்குக் காரணம் அது. திருப்பித்தான் ஆக வேண்டும் என்றால், எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவிட்டுத் திருப்பச் சொல்லுங்கள்.

7. ஸ்கேனரில் எதைக் கேட்பது

ஆன்லைனில் வாங்கி, காரில் சொருகிப் போனில் பார்க்கும் ப்ளூடூத் ஸ்கேனர் குமிழ் 2010-க்கு முந்தைய பல கார்களோடு பேசாது. நானும் வாங்கி மேசை டிராயரில் போட்டிருக்கிறேன். பழைய மாடல்களுக்கான ஸ்கேனர் வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியனிடம் போங்கள். எனக்கு 500 ரூபாய் ஆனது. "எரர் கோட் இல்லை சார்" என்று சொல்லி அனுப்ப விடாதீர்கள். ஓஸ் கிழிந்திருப்பது பழைய இசியுவுக்குத் தெரியாது. லைவ் டேட்டாவை, அதாவது சென்சார்கள் அந்த நொடியில் காட்டும் எண்களை, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பார்க்க வேண்டியவை சில. கூலன்ட் வெப்பம் 80 டிகிரியைத் தாண்டி நிற்க வேண்டும். மேனிஃபோல்ட் அழுத்தம், சூடான என்ஜின், ஏசி ஆஃப், சுமாராக 30 முதல் 40 கிலோபாஸ்கல். த்ராட்டில் மூடிய நிலை என்று காட்ட வேண்டும். ஃபியூல் ட்ரிம் (பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ இசியு செய்யும் திருத்தம்) ஐடிலிங்கில் பிளஸ் பக்கம் எகிறி, 2500 ஆர்பிஎம்மில் சாதாரணமானால் காற்றுக் கசிவு என்று கிட்டத்தட்ட எழுதிக் கொடுத்த மாதிரி. மேப் காரில் மட்டும் இது அவ்வளவு பளிச்சென்று தெரியாது.

என் காரில் கூலன்ட் 62-க்கு மேல் ஏறவே இல்லை. பழைய பில்லின் அந்த வரி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு" என்று கழற்றிப் போடுவது இங்கே ஒரு வியாதி. என்ஜின் சூடாகவில்லை என்று நினைத்து இசியு நாள் முழுக்கக் காலை நேரப் பெட்ரோலையும் காலை நேர ஐடிலிங்கையும் கொடுத்துக்கொண்டிருக்கும். மைலேஜும் போகும்.

8. பாகம் வாங்குவது

சென்னையில் புதியது என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழையது என்றால் புதுப்பேட்டை. ஓஸ், பேக்கிங், தெர்மோஸ்டாட், ப்ளக் எல்லாம் புதிதாகவே வாங்குங்கள். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் சாக்கெட்டின் பின் எண்ணிக்கை வரை ஒப்பிடுங்கள். எலெக்ட்ரிக்கல் பாகத்தைப் பெரும்பாலான கடைகள் திரும்ப எடுக்காது. பில் போடும் முன் கேட்டுவிடுங்கள். ஐடில் மோட்டார் மட்டும் பழையது வாங்கிச் சோதித்துப் பார்ப்பதில் தப்பில்லை. பெட்ரோல் ஓஸுக்கு பதில் சாதாரண தண்ணீர் ஓஸைச் சொருகும் ஆட்களும் இருக்கிறார்கள், அங்கே கறாராக இருங்கள்.

9. எனக்கு ஆன கணக்கு

வீணானது: ஸ்க்ரூ 'செட்டிங்' 200, ப்ளக்கும் வயரும் 1,450, இன்ஜெக்டர் க்ளீனிங் 1,800, ஐடில் மோட்டார் கூலியோடு 4,300. ஆக 7,750. ப்ளக்கை எப்படியும் மாற்ற வேண்டிய வயதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

உண்மையில் தேவைப்பட்டது: ஸ்கேன் 500, ஓஸ் 70, கிளிப் 20, பேக்கிங் 60, க்ளீனர் 350, தெர்மோஸ்டாட் 650, கூலன்ட் 400, ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்த கூலி 400. ஆக 2,450. நேரம், ஒரு சனிக்கிழமை முழுக்க.

மெக்கானிக்கிடம்தான் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் முந்தின நாள் சாயங்காலமே வண்டியை விட்டுவிடுங்கள். ஆறிய என்ஜினைக் காலையில் அவர் கையாலேயே ஸ்டார்ட் செய்து பார்க்கட்டும். சூடான வண்டியை ஓட்டிக்கொண்டு போய் "காலையில இப்படிப் பண்ணுச்சு" என்று சொன்னால், அது அங்கே போனதும் சாதுவாக நிற்கும்.